ஐயா என்றால் அண்ணன்

முதல் நாள், ஏப்ரல் 12

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் இன்று காலை ஆட்களைவிட மூட்டைகள் அதிகம். புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு நாள். நகரமே ஊருக்குக் கிளம்பிவிட்டது. பெலியத்தை ரயிலில் எனக்குக் கிடைத்தது கதவோரம் நிற்க ஓர் இடம், அதுவும் ஓர் அரிசி மூட்டைக்கும் பெட்டி பிரிக்காத மின்விசிறிக்கும் நடுவில். ஆனால் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும்போது யார் உட்கார ஆசைப்படுவார்கள்? பாணந்துறை, களுத்துறை, அளுத்கம என்று பலகைகள் மூன்று மொழியில் வந்துகொண்டே இருந்தன. மேலே சிங்களம், கீழே ஆங்கிலம், நடுவில் தமிழ். காலியில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டினார்கள். அதுவரை முன்னால் போன ரயில் பின்பக்கமாகக் கிளம்பியதும், அப்போதுதான் தூக்கம் கலைந்த ஒருவர் பதறி எழுந்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிங்களம் தெரியாது, சிரிப்பு புரிந்தது.

யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்கிறீர்கள். எட்டு வருடமாகத் தெரிந்த, ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரை.

2017 அக்டோபரில் ஒரு விடியற்காலை எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் ஒரு சின்னப் பறவை விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு. படம் பிடித்து, பறவை பார்ப்பவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் போட்டு, இது யார் வளர்த்த கிளி என்று கேட்டேன். கிளி என்றதற்குப் பத்துப் பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் இப்படி எழுதினார்: ‘அது என் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. களைத்துவிட்டது. தண்ணீர் வைத்து, இருட்டில் கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் அனுப்பிவிடு.’

ஆறுமணிக் குருவி. கோடையில் வட இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்குத் தெற்கே இறங்கி, கடல் தாண்டி இலங்கை வரை போகும் பறவை. காலை ஆறு, மாலை ஆறு என்று கணக்கு வைத்துக் கூவுவதால் நம் பக்கம் அந்தப் பெயர். சிங்களத்தில் அவிச்சியா. அதன் அழகான ஆடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டது, அதற்காகத்தான் அது அழுகிறது என்பது அவர்கள் ஊர்க் கதை. மயில் எங்கள் முருகனின் வாகனம், திருட்டுப் பட்டம் கட்டாதீர்கள் என்று பதில் எழுதினேன். ‘முருகனா? அவர் எங்கள் ஊர்க்காரர்’ என்று பதில் வந்தது. எங்களுடைய முதல் மதச் சண்டை அதுதான்.

ஒரு மாதம் கழித்து ‘என்னை ஐயா என்று கூப்பிடு’ என்று எழுதினார். சரியான தலைக்கனம் பிடித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன் என்பது தெரிய எனக்கு அரை வருடம் ஆனது. பதிலுக்கு அவர் என்னை மல்லி என்பார். தம்பி. எனக்கு என்னவோ ரசத்தில் போடுகிற சாமான் மாதிரிதான் கேட்கும்.

பெலியத்தையில் ரயில் பாதை முடிகிறது. அங்கிருந்து தங்காலை, அம்பாந்தோட்டை வழியாக இரண்டு பஸ். மாலை திஸ்ஸமகாராமையில் இறங்கினேன்.

எட்டு வருடம் தினமும் எழுதிக்கொண்ட இரண்டு பேர் நேரில் பேச முடியாமல் நின்றோம். அவர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். என் குரல் வேறு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தாராம். ‘பயணம் எப்படி?’ ‘நன்றாக இருந்தது.’ ‘சாப்பிட்டாயா?’ ‘சாப்பிட்டேன்.’ அதற்கு மேல் ஆங்கிலமும் வரவில்லை. மின்கம்பியில் ஒரு பஞ்சுருட்டான் வந்து உட்கார்ந்து, தும்பியைப் பிடித்து, கம்பியில் அடித்து அடித்துக் கொன்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கழுத்தை நிமிர்த்தினோம். அதற்கப்புறம் சரியாகிவிட்டது.

வீட்டுக் கூடத்தில் புத்தர் படத்துக்குக் கீழே இன்னொரு படம். ராணுவ உடையில் ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயது. முன்னால் சின்ன விளக்கு. ஐயா எனக்குச் சொல்லியிருந்தது அம்மா, தங்கை, அவர் என்று மூன்று பேர்தான். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், ஏப்ரல் 13

விடிவதற்கு முன்பே திஸ்ஸ குளம். ஏரி என்றுதான் சொல்ல வேண்டும், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. கரை மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் குடைகளை மடித்துத் தொங்கவிட்டதுபோல். நீலத் தாழைக்கோழிகள் தாமரை இலைமேல் நடந்து போயின. ஆறுமணிக் குருவியைத்தான் தேடினேன். மூன்று நாள் முன்பு கடைசியாகக் கேட்டதாம். வடக்கே கிளம்பியிருக்கும். நான் தெற்கே வந்த நேரம் அது எங்கள் வீட்டுக் கூரைமேல் போயிருக்கலாம்.

இது துட்டகைமுனுவின் அப்பா காவன்திஸ்ஸன் ஆண்ட நாடு. சிங்கள மன்னன் துட்டகைமுனு கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தமிழ் மன்னன் எல்லாளனோடு போர் செய்தவன். நான் கதையை எல்லாளன் பக்கமிருந்து கேட்டு வளர்ந்தவன், ஐயா இந்தப் பக்கமிருந்து. ஆனால் ஒன்று: கன்றை இழந்த பசு மணியடித்து நீதி கேட்ட கதையை எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்வது, அவனை வென்றவனைப் புகழும் மகாவம்சம் என்ற பழைய சிங்கள பௌத்த வரலாற்று நூலே. கொன்ற எதிரிக்குச் சமாதி கட்டி, அதைக் கடக்கும்போது மேளம் அடிக்கக் கூடாது என்று துட்டகைமுனு உத்தரவு போட்டதையும் அதே நூல்தான் சொல்கிறது. ஐயா இதைச் சொல்லிவிட்டு ‘நாங்கள் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவோம்’ என்றார்.

இரவு நோனகதே தொடங்கியது. பழைய வருடம் போய்ப் புது வருடம் இன்னும் வந்து சேராத நேரம், 12 மணி 48 நிமிடம். அதன் முதல் பாதியில் அடுப்பு மூட்டக் கூடாது, சாப்பிடக் கூடாது, எந்த வேலையும் செய்யக் கூடாது. விகாரைக்குப் போகலாம், சும்மா இருக்கலாம். இந்த முறை இரவில் தொடங்கிக் காலை வரை. ஒரு நாட்டையே சும்மா இரு என்று உட்கார வைக்கும் பஞ்சாங்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சும்மா இருந்தால் பேச்சு வரத்தானே செய்யும். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருடம் எதைப் பற்றியெல்லாம் பேசினோம் என்று பட்டியல் போட்டுப் பார்த்தோம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு சமூக ஊடகங்களை அரசு முடக்கியபோது அவரிடமிருந்து ஒரு வாரத்துக்கு மேல் சத்தமே இல்லை. நான் செய்தியில் ஊர்ப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். 2022இல் பெட்ரோல் வரிசையில் இரண்டு நாள் நின்றபோது, வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்த பறவைகளின் பட்டியலை அனுப்பினார். 31 வகை. காட்டுக்குள் போயிருந்தால்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டேன் என்று குறிப்பு வேறு.

அப்புறம் அவர், எதிர்வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே, ‘மல்லி, 2009இல் நீ எழுதியதை நான் படித்தேன்’ என்றார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது எது என்று. முள்ளிவாய்க்கால் செய்திகள் வந்துகொண்டிருந்த நாட்கள். நான் கல்லூரி மாணவன். இனி வாழ்நாளில் ஒரு சிங்களவன் முகத்திலும் விழிக்க மாட்டேன் என்று தொடங்கி, இங்கே திரும்ப எழுத விருப்பமில்லாத வார்த்தைகளோடு ஒரு நீண்ட பதிவு. மறந்தே போயிருந்தேன். அது அங்கேயே கிடந்திருக்கிறது. பழக ஆரம்பித்த இரண்டாம் வருடம் அவர் என் பக்கத்தைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய் அதைப் பிடித்து, மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்திருக்கிறார்.

‘ஏன் கேட்கவில்லை?’

‘மறுநாள் நீ ஒரு மரங்கொத்திப் படம் போட்டாய். பெயர் தப்பு. அதைத் திருத்த வேண்டியிருந்தது.’

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: ‘போர் முடிந்த அன்று நான் தெருவில் பட்டாசு வெடித்தேன். பாற்சோறு கிண்டிப் பங்கிட்டோம். அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.’

மன்னிப்பு என்று இரண்டு பேரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று அந்தப் பாற்சோற்றுப் படங்களை நானும் செய்தியில் பார்த்திருந்தேன், பதிவு எழுதக் காரணமே அவைதான். அதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். கூடத்துப் படத்தில் இருப்பவர் அவருடைய அண்ணன், 1996இல் முல்லைத்தீவு முகாமில் இறந்தவர். ‘என்னை ஐயா என்று யாராவது கூப்பிட வேண்டும்போல் இருந்தது. நான் அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது’ என்றார். பிறகு கொசு அதிகமாகிவிட்டது என்று இருவரும் உள்ளே போனோம்.

(இதையெல்லாம் எழுதலாமா என்று ஐயாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடாதே, என் தவறுகளைக் குறைக்காதே என்றார்.)

மூன்றாம் நாள், ஏப்ரல் 14

குறித்த நேரத்துக்குத் தெரு முழுக்க ஒரே கணத்தில் பட்டாசு. சிங்கள வீடுகள் எல்லாவற்றிலும் அடுப்பு மூட்டும் நேரம் ஒன்றே, பார்க்கும் திசையும் ஒன்றே, உடுத்தும் நிறமும் ஒன்றே. புதுப் பானையில் பால் காய்ந்து நுரை கட்டி வழிந்தது. என் வாய் தன்னால் ‘பொங்கலோ பொங்கல்’ என்றது. தங்கையின் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், நாள் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தார்கள்.

சாய்சதுரமாக வெட்டிய பாற்சோறு வாழையிலையில் வந்தது. அவர்கள் சொல்வது கிரிபத். அரிசியும் தேங்காய்ப் பாலும் உப்பும், அவ்வளவுதான். ஐயா நான் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுப் பேசியது எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த இலையில் இருந்தது. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, இன்னொரு துண்டும் கேட்டேன். கெவும் நம் அதிரசத்தின் பெரியம்மா மகள். கொக்கிஸ் அச்சு முறுக்கேதான், பெயர் மட்டும் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கல் வாங்கல். ‘கனு தெனு’ என்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் கைவிசேஷம். சின்னவர்கள் மண்டியிட்டுப் பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுத்து வணங்க, பெரியவர்கள் காசு கொடுப்பார்கள். நானும் மண்டியிட்டேன். அம்மா என் உச்சந்தலையில் கை வைத்து என்னவோ முணுமுணுத்து, புது நூறு ரூபாய்த் தாளை வெற்றிலையில் மடித்துத் தந்தார். அம்மா என்பது இரண்டு மொழியிலும் அம்மாதான், அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் அம்மா ஒரு சின்னக் குறிப்பேட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஐயாவைக் கூப்பிட்டார். மூத்த மகன் கடைசி விடுமுறையில் வந்தபோது விட்டுவிட்டுப் போனது. அதில் ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் வார்த்தைகள், சிங்கள எழுத்தில். அர்த்தம் எழுதவில்லை, அவருக்குத் தெரியும்தானே. இத்தனை வருடமாக அம்மா அந்த ஒலிகளைப் படித்திருக்கிறார், பிரித் என்கிற பௌத்த மந்திரம் ஓதுவதுபோல. என்ன அர்த்தம் என்று யாரையும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். பக்கத்திலேயே தமிழ் பேசும் கடைக்காரர்கள் இருக்கிறார்களே?

‘கெட்ட வார்த்தை ஏதாவது இருந்தால்?’ என்றார் அம்மா.

ஐயா ஒவ்வொன்றாகப் படிக்க, நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் அம்மாவுக்குச் சிங்களத்தில் சொன்னார். நில்லு. கையைத் தூக்கு. பேர் என்ன. எங்க போறது. அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. அப்புறம், தண்ணி இருக்கா. கிணறு. பயப்பட வேண்டாம். கடைசியில் ஒன்று, இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டது. மை கலைந்திருந்தது. ஐயா தட்டுத்தடுமாறி ‘கோவிக்கா தெங்கோ’ என்று படித்தார்.

எனக்குப் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். கோவி... தெங்கோ... கோவில் தேங்காயாக இருக்குமோ? கோவிலில் உடைக்கிற தேங்காய் என்று சொன்னேன், கொஞ்சம் சந்தேகத்தோடுதான். அந்தச் சந்தேகம் ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்குப் போகும்போது எங்கோ உதிர்ந்துவிட்டது. அம்மா முகம் மலர்ந்தது. பையன் ஏதோ கோவிலில் தேங்காய் உடைத்திருக்கிறான். நாங்கள் போவதாக இருந்த கதிர்காமம் முருகன் கோவிலுக்கு அம்மாவும் வருவதாக அப்போதே முடிவாகிவிட்டது.

நான்காம் நாள், ஏப்ரல் 15

எல்லா வீட்டிலும் ஒரு தட்டுப் பலகாரம். ஆறு வீடு. வயிறு சரியில்லை. பறவை பார்க்கப் பூந்தல தேசியப் பூங்கா போகும் திட்டம் ரத்து. திண்ணையில் படுத்தபடி பார்த்தவை: மாங்குயில் 2, செம்போத்து 1, மயில் 4. மயிலைக் காட்டி ஐயா ‘சட்டைத் திருடன்’ என்றார்.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 16

திஸ்ஸவிலிருந்து கதிர்காமம் இருபது கிலோமீட்டருக்குள்தான். அம்மா வெள்ளைச் சேலை, மடியில் பழத்தட்டு, கையில் தேங்காய். கடையில் எட்டுத் தேங்காயைத் தட்டிப் பார்த்து ஒன்பதாவதை எடுத்தார்.

மாணிக்க கங்கையில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை, ஆனாலும் குளித்தோம். பள்ளிவாசலைத் தாண்டி, மணல் வெளியைக் கடந்து, முதலில் கிரி வெஹெரவுக்கு. வெள்ளைத் தூபியைச் சுற்றிச் சுடாத தரை பார்த்து நடக்கும்போது, புத்தரிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். வேடிக்கையாகப் பார்த்தார். ‘புத்தரிடம் எதையும் கேட்கக் கூடாது மல்லி. அவர் போய்விட்டார். கேட்பதற்குத்தான் கதரகம தெய்யோ இருக்கிறார்.’ நாங்கள் கும்பிடுவதும் கேட்பதும் ஒரே இடத்தில்தான் என்றேன். ‘அப்படியானால் உங்கள் முருகனுக்கு வேலை அதிகம்’ என்றார்.

முருகன் கோவில் என்றதும் கோபுரத்தைத் தேடும் கண்ணுக்கு இங்கே ஒன்றும் கிடையாது. வீடு போல ஒரு தாழ்ந்த கட்டடம். உள்ளே விக்கிரகம் தெரியாது. வள்ளி தெய்வயானையோடு மயில்மேல் முருகன் வரைந்த திரைச்சீலை தொங்குகிறது. அதன் பின்னால் வாயைத் துணியால் கட்டிய கப்புறாளைமார் என்ற பூசாரிகள்தான் போவார்கள். அருணகிரிநாதர் பாடிய இடம், என் பாட்டி வர ஆசைப்பட்டு வராமலே போன இடம். திரை திறக்கும் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. பக்கத்தில் அம்மா கண்ணை மூடி, ஐயா கண்ணை மூடி, அவர்கள் தெய்யோவிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதே சீலையைப் பார்த்து நான் முருகா என்றேன்.

தட்டு உள்ளே போய்ப் பாதிப் பழத்தோடு திரும்பி வந்தது. மாலைப் பூசைக் கூட்டம் வெளியே தள்ளியது. தேங்காய் உடைக்கும் இடத்தில் நல்ல நெருக்கடி. பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி, பேச்சைப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பின்னாலிருந்து தள்ளப்பட்டு அம்மாவின் காலை நன்றாக மிதித்துவிட்டார். பதறிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து,

‘ஐயோ அம்மா, கோவிக்காதேங்கோ, கோவிக்காதேங்கோ’ என்றார்.

அம்மா அப்படியே நின்றார். பாட்டியைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது: கோவிக்கா தெங்கோ. எனக்கு முன்னால் அவருக்குக் கேட்டுவிட்டது. எனக்கு உறைக்க இன்னொரு மூச்சு ஆனது. தமிழ் என் மொழி என்று சொல்லிக்கொள்கிறவன் நான்.

ஐயாவைத் தேடினேன், கூட்டத்தில் நாலு பேர் தள்ளி இருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களச் சொற்களில் ஒன்று, பறவைப் பெயரை அவர் தப்பாகச் சொல்லும் அபூர்வமான நாட்களில் எனக்கு அனுப்புவது.

‘சமாவென்ன’ என்றேன். ‘அம்மா, தேங்காய் இல்லை. சமாவென்ன.’

ஐயா நெருக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அம்மா அவரிடம் ஏதோ கேட்டார், அவர் என்னிடம் கேட்டார்: அண்ணன் யாரிடமாவது சொன்னதா, அண்ணனிடம் யாராவது சொன்னதா? எனக்கு எப்படித் தெரியும்? பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. காலில் அடி பலமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா பாட்டியின் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு தேங்காய்மேல் கற்பூரத்தை வைத்துக் குச்சியை உரசினார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று, அணைந்துவிட்டது. பாட்டி பேரனின் கையை விட்டுவிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்து மறைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது குச்சியில் பற்றியது.